பங்களாவும் லயமும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் கட்டட வரலாறு

முன்னுரை

பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில், கியா பார்ம் சந்தையைத் தாண்டியதும் திரிங்காப் வருகிறது. கேமரன் மலை என்றதும் தேயிலையை மட்டுமே நினைத்து வருபவருக்கு இவ்வூர் சற்று வியப்பைத் தரும். இங்குச் சாலையின் இருபுறமும் தெரிவன, படிப்படியாக வெட்டப்பட்ட காய்கறித் தோட்டங்களும் அவற்றின்மேல் விரிந்த நெகிழிக் கூரைகளுமே. ஆயினும், தெற்கே பிரிஞ்சாங் மலைச்சரிவில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வடக்கே கம்போங் ராஜாவுக்கு அப்பால் புளூ வேலி தோட்டம் இருக்கிறது. இரண்டு தேயிலை நிலங்களுக்கு இடையில் அமைந்த காய்கறி நிலம் திரிங்காப்.

இம்மலையின் தேயிலைத் தோட்டங்களை நாம் பெரும்பாலும் பச்சைக் கம்பளமாகவே பார்க்கிறோம்; படம் எடுக்கிறோம்; தேநீர் அருந்திவிட்டுத் திரும்புகிறோம். ஆனால் ஒரு தோட்டம் என்பது செடிகள் மட்டுமன்று. அது பங்களா, ஆலை, லயம், கோயில், பள்ளி ஆகியவற்றைக் கொண்ட ஒரு முழுக் குடியிருப்பு. இவை ஒவ்வொன்றும் எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பொருளால் கட்டப்பட்டன என்பதை ஊன்றி நோக்கினால், அங்கு வாழ்ந்தவர்களின் வரலாறு தெரியவரும். நம் முன்னோரில் பலர் கடிதமோ நாட்குறிப்போ எழுதி வைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த கட்டடங்களே அவர்களைப் பற்றிய ஆவணம். அந்த ஆவணத்தைப் படிக்கும் வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலை திறந்த கதை

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் பேராக், பகாங் எல்லைப் பகுதியை ஆராய்ந்தபோது இப்பீடபூமியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. எனினும், செமாய் முதலான ஓராங் அஸ்லி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு வாழ்ந்து வந்தனர். ஆகவே, கேமரன் மலையைக் ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட, வெளியுலகிற்கு அறிவித்தார் என்பதே பொருந்தும்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை. 1925ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே, இதனை மலைவாழிடமாக உருவாக்கும் திட்டம் உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் சாலை 1920களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டு, 1931 வாக்கில் முடிவுற்றது.

சாலை முடியும் முன்பே தேயிலை வந்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்னும் தொழிலதிபர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவரின் துணையோடு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் ரஸ்ஸல் காலமானார். தோட்டம் அவர் குடும்பத்தார் பொறுப்பில் தொடர்ந்தது. அதே 1933ஆம் ஆண்டில், வட இந்தியரான சுபர்ஷாத் பன்சால் அகர்வால் என்பவரால் பாரத் தேயிலை நிறுவனமும் தோன்றியது. இன்று போ நிறுவனத்திற்குக் கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ், பேர்லி ஆகிய மூன்று தோட்டங்களும், சிலாங்கூரில் புக்கிட் சீடிங் தோட்டமும் உள்ளன.

இங்கு ஓர் ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். 1930 முதல் உலகப் பொருளாதார மந்தத்தால் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. பல்லாயிரம் பேர் திருப்பியும் அனுப்பப்பட்டனர். பின்னர் மீண்டும் தொடங்கிய ஆளெடுப்பை, 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்தது. கேமரன் மலைத் தோட்டங்கள் தோன்றி வளர்ந்த காலமும் இதுவே. எனவே, நூறாண்டுக்கு முன்பே வேரூன்றிய சமவெளி ரப்பர்த் தோட்டங்களின் கதையை இங்கு அப்படியே பொருத்திவிட முடியாது. கப்பலில் வந்து இறங்கியவுடன் மலை ஏறியவர் யார், வேறு தோட்டத்திலிருந்து மாறி வந்தவர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டே அறிய வேண்டும்.

சொற்கள் சொல்லும் செய்தி

கட்டடங்களைப் பார்க்கும் முன் அவற்றின் பெயர்களைப் பார்ப்போம். மொழி பயிலும் நமக்கு இது நல்ல தொடக்கம்.

‘பங்களா’ என்பது வங்காளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. வங்காளக் கிராமங்களில் எளிய மக்கள் கட்டிய தாழ்ந்த கூரை வீட்டின் அமைப்பை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர், பெரிதாக்கினர், சுற்றிலும் தாழ்வாரம் சேர்த்தனர். குடியானவனின் குடிசைப் பெயர் துரையின் மாளிகைக்குப் பெயராயிற்று.

‘லயம்’ என்பது வரிசை என்று பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். ஆங்கிலேயப் படைமுகாம்களில் சிப்பாய்களின் குடியிருப்புகளை ‘லைன்ஸ்’ என்றே அழைத்தனர். அச்சொல்லே தோட்டத்திற்கும் வந்தது. இலங்கை மலையகத்தில் அது ‘லயன்’ ஆயிற்று. நம் நாட்டில் ‘லயம்’ ஆயிற்று. குதிரை கட்டும் இடத்தைக் குறிக்கும் ‘லாயம்’ வேறு சொல். ஆயினும் இரண்டின் ஒலியும் நெருங்கி நிற்பது, கேட்பவர் மனத்தை உறுத்தாமல் இராது.

ஆக, ஒன்று வீட்டின் பெயர். மற்றொன்று வரிசையின் பெயர். ஒருவர் வீட்டில் வாழ்ந்தார். மற்றவர்கள் வரிசையில் வாழ்ந்தனர். இவ்வேறுபாடு கட்டடங்களிலும் தெளிவாகத் தெரிகிறது.

துரை பங்களா

தோட்ட நிருவாகியின் பங்களா பெரும்பாலும் மேட்டில் அமைந்திருக்கும். இதற்குக் காரணங்கள் பல. மேட்டில் காற்றோட்டம் உண்டு, மழைநீர் தேங்காது, ஊற்று நீரைப் பிறர் கலக்கும் முன் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அங்கிருந்து தோட்டத்தைப் பார்வையிடலாம். அதே நேரத்தில், வேலை முடிந்து லயத்திற்குத் திரும்பியவரும் தலைநிமிர்ந்தால் பங்களாவைக் காண்பார். பார்க்கும் இடமும் பார்க்கப்படும் இடமும் நில அமைப்பிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டன எனலாம்.

சமவெளிப் பங்களாவுக்கும் மலைப் பங்களாவுக்கும் வேறுபாடு உண்டு. சமவெளியில் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதனால் உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், தரையைவிட்டு உயர்த்திய தளம் ஆகியவை தேவைப்பட்டன. மலையில் வெப்பத்தைக் காக்க வேண்டும். அதனால் மூடிய அறைகளும் கண்ணாடிச் சன்னல்களும் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் இடம்பெற்றன. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் தெரியும் ‘டியூடர்’ பாணி இம்மலையில் பரவியதும் இச்சூழலில்தான். 1937ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ஸ்மோக்ஹவுஸ்’ விடுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அந்த மரச்சட்டங்களே சுவரைத் தாங்கின. இங்கோ அவை பெரும்பாலும் அலங்காரமே. ஊர் நினைவுக்காக வரைந்த கோடுகள் அவை.

கேமரன் மலையின் பங்களாக்களில் உலகப் புகழ் பெற்றது ‘மூன்லைட்’ பங்களா. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர் பெற்ற ஜிம் தாம்சன் அங்கு விருந்தினராகத் தங்கியிருந்தபோது, 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் வெளியே நடந்து சென்றவர் திரும்பவே இல்லை. சில நாட்கள் தங்கிய ஒரு விருந்தினரால் ஒரு பங்களாவின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. இரண்டு மூன்று தலைமுறைகள் பிறந்து வளர்ந்த லயங்களுக்கோ பெரும்பாலும் எண்களே உண்டு, பெயர் இல்லை.

ஆலை

தேயிலை ஆலையின் வடிவத்தைத் தீர்மானித்தது இலையே. பறித்த கொழுந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அதை முதலில் வாட்ட வேண்டும். பழைய முறையில், மேல்தளங்களில் தட்டுத் தட்டாகத் துணியோ வலையோ கட்டி, கொழுந்தை மெல்லியதாகப் பரப்பிப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் காற்றில் வாட்டினர். அதனால்தான் பழைய ஆலைகள் பல மாடிகளோடும், மேல்தளத்தில் நெருக்கமான சன்னல் வரிசையோடும் காணப்படுகின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பல அறைகள் கொண்ட பெரிய விடுதியைப் போலத் தெரியும். உள்ளே உறங்கியதோ இலை.

வாடிய இலை கீழ்த்தளத்திற்கு இறங்கும். அங்கே சுருட்டும் பொறியில் நசுங்கிச் சாறு வெளிப்படும். ஈரக் காற்றில் பரப்பியபின் செம்பு நிறம் பெறும். உலர் அடுப்பில் கறுத்துக் காயும். பிறகு சல்லடையில் தரம் பிரியும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படும். பின்னாளில், விசிறியால் காற்றைச் செலுத்தும் நீண்ட தொட்டிகள் வந்ததும் மேல்தளங்களின் தேவை குறைந்தது. இலங்கையின் கந்தப்பொலையில் அத்தகைய பழைய ஆலை ஒன்று 1990களில் தங்கும் விடுதியாகவே மாற்றப்பட்டது.

லயம்

மலாயாத் தோட்டங்களின் தொடக்ககால லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. பின்சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. காலப்போக்கில் சுகாதாரக் காரணங்களுக்காக ஒற்றை வரிசை லயங்கள் வந்தன. பலகைச் சுவர், துத்தநாகக் கூரை, முன்பக்கம் ஒரு தாழ்வாரம், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பின்புறம் அடுப்படி என்பதே பரவலான அமைப்பு. குழாயும் கழிப்பிடமும் பொதுவானவை. லயத்தின் அளவை அடியால் சொல்லாமல் கதவால் சொல்வார்கள்: ஆறு கதவு லயம், பத்துக் கதவு லயம். ஒரு கதவு என்றால் ஒரு குடும்பம்.

இவ்வமைப்பு சமவெளி வெப்பத்திற்காக உருவானது. மலைக்குளிரில் மெல்லிய பலகையும் துத்தநாகமும் போதுமானவை அல்ல. பங்களாவில் கணப்பு அடுப்பு தனியே இருந்தது. லயத்தில் சமையல் அடுப்பே கணப்பு. குளிர் மிகுந்த இரவில் குடும்பம் அடுப்படியை நெருங்கிப் படுக்கும். ஒரே மலையின் ஒரே குளிருக்கு இரு வேறு கட்டட விடைகள் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், கட்டித் தந்ததோடு லயத்தின் கட்டடக் கலை முடிந்துவிடவில்லை. வாழ்ந்தவர்கள் அதை மாற்றினார்கள். முன்தாழ்வாரத்தைச் சிலர் ‘அஞ்சடி’ என்பர். அதில் ஒரு பலகையைப் போட்டதும் அது ஊர்த் திண்ணை ஆயிற்று. உள்ளே சுவரில் ஒரு தட்டு அடித்ததும் சாமி மாடம் ஆயிற்று. வாசற்படிக்கு முன் கோலம் வந்தது. பின்புறம் சாய்ப்பு இறக்கி இன்னோர் அறை எடுத்தனர். மகனுக்குத் திருமணம் ஆகியிருக்கும். இந்த மாற்றங்களுக்கு வரைபடம் கிடையாது. ஆனால் லயத்தை வீடாக்கியவை இவையே. இவற்றைச் செய்தவரே அதன் உண்மையான கட்டடக் கலைஞர்.

சட்டமும் சிறிது சிறிதாக உள்ளே வந்தது. 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் வந்தது. வீட்டின் தரம், நீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் ஆகியவை நிருவாகத்தின் கடமையாக்கப்பட்டன. ஆனாலும், ஓர் அடிப்படை மாறவில்லை: தோட்ட வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடியும். நாற்பது ஆண்டுகள் ஒரே கதவுக்குள் வாழ்ந்தவருக்கும் அக்கதவின்மீது உரிமையில்லை.

கோயிலும் பள்ளியும்

தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென்று கேட்டுப் பெற்ற கட்டடம் கோயில். தொடக்கத்தில் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், பிறகு தகரக் கொட்டகை, பிறகு சுவர், வசதி வந்தபின் கோபுரம். பெரும்பாலும் மாரியம்மனோ முருகனோ முனீசுவரரோ குடியேறினர்.

இதற்கு அண்டை மாநிலமான பேராக்கில் நன்கறிந்த சான்று உண்டு. பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915ஆம் ஆண்டில் தம் பெருமாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1918 கால உலகக் காய்ச்சலில் அவருடைய தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்க, அவர் கட்டித் தந்தார். கோயில் கூரைச் சிற்பங்களிடையே அவர் உருவமும் இடம்பெற்றது. 1926ஆம் ஆண்டில் அவர் லிஸ்பனில் இறந்ததும் மாளிகை முற்றுப்பெறாமல் நின்றது. இன்று ‘கெல்லிஸ் காசல்’ என்னும் பெயரில் அது சுற்றுலாத் தலம். முதலாளியின் வீடு பாதியில் நிற்க, தொழிலாளர் கேட்ட கோயில் முழுமை பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

பள்ளிக்கு வேறு வரலாறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். கொட்டகையிலும் லயத்து அறையிலும் தொடங்கிய அத்தகைய பள்ளிகளின் வழியில் வந்தவையே நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். இவ்விதழைப் படிப்பவர்களில் பலருடைய பெற்றோரின் முதல் எழுத்து அங்கேதான் எழுதப்பட்டது.

திரிங்காப்பின் பண்ணை வீடுகள்

மீண்டும் திரிங்காப்புக்கு வருவோம். 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் சிதறியிருந்த சீன விவசாயிகள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். கேமரன் மலையில் திரிங்காப் அவற்றுள் ஒன்று. தோட்ட லயங்களும் அக்காலத்தில் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன.

இங்குள்ள காய்கறிப் பண்ணை வீட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பண்ணை வீடும் பலகையும் தகரமுமே. அழகில் லயத்தைவிட மேலானதென்று சொல்ல முடியாது. ஆனால் பயிரிடுபவர் பயிருக்கு அருகிலேயே, தம் குடும்ப முடிவின்படி வாழ்கிறார். நிலவுரிமைச் சிக்கல் அவர்களுக்கும் உண்டு. பலர் தற்காலிக உரிமத்தை நம்பியே பயிரிடுகின்றனர். இருப்பினும், வீட்டை எங்கே வைப்பது, எப்போது விரிப்பது என்பதை மேட்டிலிருந்து ஒருவர் தீர்மானிப்பதில்லை. வேறுபாடு பலகையில் இல்லை. தீர்மானிக்கும் உரிமையில் இருக்கிறது.

எது காக்கப்படுகிறது?

பங்களாக்கள் விடுதிகளாகிப் பிழைத்தன. ஆலைகள் பார்வையாளர்களை ஈர்க்கின்றன. சுங்கை பாலாஸில் பள்ளத்தாக்கின்மேல் நீண்டு நிற்கும் பார்வையாளர் மையம் இக்காலக் கட்டடக் கலைக்காகப் பாராட்டப்பட்டது. லயங்களோ ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. அல்லது புது வீடுகளாக மாறுகின்றன. எஞ்சியவற்றில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரும் வாழ்கின்றனர். வரிசை அப்படியே இருக்கிறது. வசிப்பவரின் மொழி மாறியிருக்கிறது.

இங்கு ஒரு கேள்வி எழும். துன்பத்தின் இடமான லயத்தை ஏன் காக்க வேண்டும்? அது இடிந்தால் நல்லதுதானே? அங்கே வாழ்ந்த பெரியவர்கள் பலர் இப்படித்தான் சொல்வார்கள்; அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஒழுகும் கூரையின்கீழ் யாரையும் பாரம்பரியத்தின் பெயரால் குடியிருத்தக் கூடாது. ஆனால், வாழ்வதற்காகக் காப்பது வேறு. அறிவதற்காகப் பதிவு செய்வது வேறு. பங்களா மட்டும் நின்று லயம் சுவடின்றி மறைந்தால், நாளைய மாணவர் இம்மலையைத் துரைமார் மட்டுமே உருவாக்கியதாக எண்ணுவர்.

இலங்கையில் இதற்கு முன்மாதிரி உண்டு. கம்பளை அருகே ஓல்டு பீகாக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007ஆம் ஆண்டில் திறந்தனர். அங்கே பார்வைக்கு வைக்கப்பட்ட முதற்பொருள் அந்த அறைதான். நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. தேசியப் பாரம்பரியமாக ஒன்றை அறிவிக்கும்படி யாரும் முன்மொழிய இச்சட்டம் இடமளிக்கிறது.

மாணவர் செய்யக்கூடியது

இதற்குக் கட்டடவியல் பட்டம் தேவையில்லை. அளவு நாடா, குறிப்பேடு, பொறுமை ஆகியன போதும். தோட்ட நிருவாகத்திடமும் குடியிருப்போரிடமும் முதலில் அனுமதி பெற வேண்டும். பிறகு பின்வருவனவற்றைக் குறிக்கலாம்.

முதலாவது, நிலை: பங்களா, ஆலை, லயம், கோயில், பள்ளி ஆகியவை எது மேலே, எது கீழே, எதற்கும் எதற்கும் எவ்வளவு தூரம்.

இரண்டாவது, அளவு: கதவுகளின் எண்ணிக்கை, அறையின் நீள அகலம், சன்னல் உண்டா, குழாய்க்கு எத்தனை அடி நடக்க வேண்டும்.

மூன்றாவது, மாற்றம்: நிருவாகம் கட்டியது எது, குடும்பம் சேர்த்தது எது, எந்த ஆண்டில், எதற்காக.

நான்காவது, சொல்: பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, அஞ்சடி போன்ற இடப்பெயர்கள். இவற்றை அவர்கள் ஒலிப்பதைப் போலவே எழுத வேண்டும். தமிழ் மாணவரால் மட்டுமே செய்யக்கூடிய பணி இது.

ஐந்தாவது, ஆள்: அந்தக் கதவுக்குள் வாழ்ந்தவர் யார், எங்கிருந்து வந்தார், எங்கே போனார். பெயரை வெளியிட அவர் விரும்பாவிட்டால், அவ்விருப்பத்தை மதிக்க வேண்டும்.

முடிவுரை

ஒரு தோட்டத்தின் வரலாற்றைப் பங்களாவின் முன்வாசலிலிருந்தும் எழுதலாம். லயத்தின் அடுப்படியிலிருந்தும் எழுதலாம். முதலாவது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவதை எழுத வேண்டியவர்கள் நாமே. ஏனெனில் அதன் சாட்சிகள் நம் வீட்டுப் பெரியவர்கள். லயங்களின் பலகை உளுத்து வருகிறது. சாட்சிகளின் வயதும் ஏறி வருகிறது. அடுத்த விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்லும் நண்பர்கள் தேநீர்க் கோப்பையைப் படம் எடுப்பதோடு நில்லாமல், ஒரு லயத்தின் கதவுகளை எண்ணி வாருங்கள். வீட்டிற்குத் திரும்பியதும் பாட்டியிடம் கேளுங்கள்: “நீங்கள் இருந்தது எத்தனையாவது கதவு?” அந்த விடையிலிருந்து வரலாறு தொடங்கும்.